பெட்ராவில் ஒரு நாள், வாய்க்கால் பார்க்க வந்த அப்பாவோடு

ஜோர்டானில் பாறையைக் குடைந்து உருவாக்கிய பழைய நகரமான பெட்ராவுக்குப் போகிற யாரும் முதலில் தேடுவது அந்த ஒரு முகப்பைத்தான். மலை இடுக்கு முடிகிற இடத்தில் சட்டென்று தெரியும் ரோஜா நிறக் கஸ்னே. நானும் அதற்காகத்தான் போனேன். பிப்ரவரியில் துபாயிலிருந்து அம்மானுக்கு விமானம், அங்கிருந்து காரில் தெற்கே மூன்று மணி நேரம், வாதி மூசா ஊரில் தங்கல். கூட வந்தவர் அப்பா. வயது 67. பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நாங்கள் போனபோது ஒரு நாளுக்கு 50 தினார். ஜோர்டானில் மூன்று இரவாவது தங்குவதாக இருந்தால் பெட்ரா நுழைவும் சேர்ந்த ஜோர்டான் பாஸ் வாங்குவதுதான் லாபம், விசா கட்டணம் மிச்சம். டிக்கெட்டிலேயே குதிரைச் சவாரி உண்டு என்று வாசலில் கூப்பிடுவார்கள். பொய்யில்லை. இறங்கும்போது டிப்ஸ் கேட்பார்கள், அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கு உள்ளே நுழைந்தோம். நல்ல குளிர். சிக் என்கிற அந்த இடுக்கின் வாயில் ஒரு அணை இருக்கிறது. எல்லோரும் அதைத் தாண்டி நடக்க, அப்பா நின்றுவிட்டார். வெள்ளத்தை இடுக்குக்குள் விடாமல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வேறு பக்கம் திருப்பிவிட, இந்த ஊரை உருவாக்கிய பண்டைய நபட்டேயர்கள் செய்த ஏற்பாடு அது. காலப்போக்கில் அணை இடிந்து போயிருந்தது. 1963இல் திடீர் வெள்ளம் இடுக்குக்குள் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் பழைய இடத்திலேயே திரும்பக் கட்டினார்கள். வழிகாட்டி இதைச் சொன்னதும் அப்பா, "மராமத்து பாக்காம விட்டா இதான்" என்றார், ஏதோ போன வாரம் நடந்தது போல.

சிக் 1.2 கிலோமீட்டர். சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொட்டுவிடலாம் போலத் தோன்றும், தொட முடியாது. நான் மேலே பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்பா இடுப்பு உயரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், மறுபக்கம் சுட்ட மண் குழாய் பதித்த தடம். தண்ணீர் ஊருக்குப் போனது இந்த வழியாகத்தான். "டேய், வாட்டம் எப்படி விட்டிருக்கான் பாரு! வேகமும் எடுக்கல, தேங்கவும் இல்ல." நடுநடுவே வண்டல் தங்குவதற்குச் சின்னத் தொட்டிகளும் உண்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு போட்டோ. ஒட்டகத்தை இழுத்துச் செல்லும் மனிதரின் புடைப்புச் சிற்பம் ஒன்று, இடுப்புக்கு மேல் கரைந்துபோய்க் காலும் அங்கியும் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அதன் பின்னால் போகும் வாய்க்காலைத்தான் அவர் எடுத்தார்.

சரி, கஸ்னே. சுமார் 40 மீட்டர் உயரம். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் கடைசி வளைவில் வாய் அடைத்துப் போகும். அரபியில் பெயருக்குக் கருவூலம் என்று பொருள். உச்சியில் உள்ள கல் குடத்தில் புதையல் இருக்கிறது என்று நம்பிச் சுட்ட குண்டுத் தடங்கள் இன்னும் தெரிகின்றன. குடம் முழுக்கக் கெட்டிப் பாறை! உண்மையில் இது கல்லறை, கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரிட்டாஸ் மன்னருடையது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உள்ளே விடுவதில்லை.

அதைத் தாண்டினால்தான் ஊர் என்றே புரிகிறது. பாறையில் வெட்டிய அரங்கம், வரிசையாக அரச கல்லறைகள், ரோமானியர் காலத் தூண் வீதி. அந்த அரச கல்லறைகளில் ஒன்றான உர்ன் கல்லறைக்குள் கட்டாயம் போங்கள், அதை 446இல் தேவாலயமாக மாற்றியிருக்கிறார்கள். கூரையில் காவி, மஞ்சள், கத்தரிப்பூ நிறத்தில் தேக்குப் பலகை போல வரி வரியாக ஓடுகிறது. எனக்கு கஸ்னேயைவிட இது பிடித்தது. கடைக்காரப் பையன்கள் என்னைப் பார்த்து "ஷாருக் கான்!" என்று கத்தியதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மலை மேலே இருக்கும் இன்னொரு பாறை முகப்பான அத்-தெய்ருக்கு ஏறத்தாழ 800 படி. அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கழுதை மேல் ஏறவும் மறுத்துவிட்டார். படிக்குக் கீழே பெதூயின் என்கிற அரபு நாடோடிக் குலத்து அம்மாள் ஒருவர் தேநீர் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே அவரை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். மேலே அத்-தெய்ர், கஸ்னேயைவிட அகலம், எதிரே ஒரு கடை, சுற்றிலும் மலை. கூட்டமே இல்லை. கிளம்ப மனம் வரவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து இறங்கினால் கடையில் யாரும் இல்லை. அப்பாவையும் காணோம். செல்போனில் சிக்னல் இல்லை. கால் மணி நேரம் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேரும் சாவகாசமாக வருகிறார்கள், அப்பாவின் பேன்ட் முழுக்கப் புழுதி.

நடந்தது இதுதான். தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பிறந்ததே இங்குள்ள ஒரு குகையில். 1985இல் அரசாங்கம் இவர்களை உம் சய்ஹூன் என்ற புதிய ஊருக்குக் குடியேற்றியபோது அவருக்கு 14 வயது. அதுவரை மழைநீர் நிற்கும் பாறைத் தொட்டியிலிருந்துதான் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறார். வாருங்கள், காட்டுகிறேன் என்று அழைத்துப் போயிருக்கிறார். பாறையைக் குடைந்து படி வைத்த தொட்டி, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம், உதிரவில்லையாம். புது ஊரில் குழாய்த் தண்ணீர் வசதிதான், ஆனால் கோடையில் குகையின் குளிர்ச்சி அந்த வீட்டில் இல்லை என்றாராம் அந்த அம்மாள். தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். அப்பா விடவில்லை, ஒரு பாசிமணி மாலை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழி முழுக்க ஏற்றம், கிளம்பும்போது அதை யாரும் நினைப்பதில்லை. ஆறு மணி சுமாருக்கு அறை வந்து சேர்ந்தோம்.

இரவு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அப்பா 63 படம் அனுப்பினார். பத்து நிமிடத்தில் எனக்கு போன். "ஏண்டா, எல்லாம் ஒரே சாக்கடையா இருக்கு. அந்த டிவில காட்டுற கட்டடத்துக்கு நீங்க போகவே இல்லியா?"