காட்டு மரக்கன்று வளராமல் நிற்கிறது, மண்ணில் பங்கசு இல்லாததாலா?

படுவான்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. முன்னம் அப்பா கச்சான் போட்ட நிலம், மறுகா டோசர் விட்டு மேல்மண்ணை வழித்து ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். அதில் திரும்பவும் காட்டு மரமே நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, போன மாரிக்கு முந்தின மாரியில் பாலை, வீரை, முதிரை என்று அறுபது கன்று வைத்தேன். ஒரு நாற்றுமேடையில் வாங்கியவை, பைக்குள் ஆற்றுமணலும் தும்புத்தூளும்தான், மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் குடம் குடமாகத் தண்ணி சுமந்தேன். சாகவும் இல்லை, வளரவும் இல்லை, முழங்கால் உயரத்தில் அப்படியே நிற்கிறது. இலை மங்கின கரும்பச்சை, சிலதில் அடிப்பக்கம் ஊதா ஓடியிருக்கிறது. ஆனால் வேலியோரம் டோசர் போகாத இடத்தில் ஆவரசும் சூரையும் தப்பி நிற்கின்றன, அதற்குப் பக்கத்தில் வைத்த ஏழு கன்று மட்டும் இடுப்பளவு வந்துவிட்டது. அதே கன்று, அதே நாள், அதே தண்ணி.

மரவேரோடு பங்கசு, அதாவது பூஞ்சணம், சேர்ந்து வாழும், அது இல்லாவிட்டால் மரம் வராது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மரங்கள் அதன் வழியாகப் பேசுமாம், தாய்மரம் பிள்ளைக்குச் சாப்பாடு அனுப்புமாம். கடையில் அந்த வேர்ப் பங்கசைத் தூளாக, மைக்கொரைசாத் தூள் என்று விற்கிறார்கள், வாங்கவா? இல்லாவிட்டால் குடும்பிமலைக் காட்டில் இரண்டு உரப்பை மண் அள்ளி வரவா? மழைக்குப் பிறகு காணியில் புற்றுக்காளான் நிறைய முளைத்தது, அப்போ பங்கசு இருக்கிறதுதானே?

வேர்முடி:
தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடிப்போம். புற்றுக்காளான் கறையானின் கூட்டாளி, மரத்தின் கூட்டாளி இல்லை. கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பங்கசு மழைக்கு மேலே வந்து குடை விரிக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பாலைக்கும் வீரைக்கும் வேண்டிய பங்கசு காளானே விடாது. வேரின் கலங்களுக்குள் நுழைந்து, அங்கே சின்ன மரம் போலக் கிளைவிட்டு இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. சிங்கராஜா மழைக்காட்டுப் பக்கத்து ஹொர மரங்களுக்குத்தான் வேரைச் சுற்றி உறை போடுகிற, காளான் விடுகிற வகை. நம் வறண்ட காட்டு மரங்களில் பெரும்பாலானவை முதல் வகை.

உயர்தரத்தில் ஒன்றியவாழ்வு என்று நாலு வரியில் படித்ததுதான் இது, ஆனால் அந்த நாலு வரிக்குள் நிறைய இருக்கிறது. பொசுபரசு மண்ணில் நைத்திரேற்று மாதிரித் தண்ணியோடு ஓடி வராது, இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருப்பதை எடுத்து முடித்துவிட்டால் பிறகு பட்டினி. பங்கசு இழை வேர்மயிரை விடவும் மெல்லியது, வேர் போக முடியாத இடுக்குக்குள் போய்ச் சென்ரிமீற்றர் கணக்கில் தூரத்திலிருந்து பொசுபரசைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாக மரம் தான் சமைத்த வெல்லத்திலும் கொழுப்பிலும் பங்கு கொடுக்கும். 1885இல் ஜெர்மனியில் ஃபிராங்க் என்பவர் இதற்கு மைக்கொரைசா என்று பெயர் வைத்தார், ஆனால் உறவு மிகப் பழையது, ஸ்கொட்லாந்தில் கிடைத்த 40 கோடி வருடத்துக்கு முந்தைய தாவரப் புதைபடிவத்துக்குள்ளேயே இப்படியான பங்கசு இருக்கிறது.

நீங்கள் சொன்ன கரும்பச்சையும் ஊதாவும் பொசுபரசுப் பட்டினிக்குப் பொருந்துகிறது. டோசர் தள்ளியது வெறும் மண்ணை இல்லை. இந்தப் பங்கசு அதிகமாக இருப்பது மேலே ஓரடிக்குள்தான், அதை மூலையில் குவித்து, வேரெல்லாம் செத்த பிறகு இழையும் பட்டுப்போகும்.

கல்முனைக் கரையோரம்:
எனக்கு இதில் அனுபவம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் சவுக்கு வைத்தபோது நானும் கன்று தூக்கினேன். வெறும் கடல்மணலில் சவுக்கு எப்படி நிற்கிறது என்று கிண்டிப் பார்த்தால் வேரில் இஞ்சித் துண்டு மாதிரிக் கொத்துக் கொத்தாக முடிச்சு. அது பங்கசு இல்லை, பிராங்கியா என்ற பற்றீரியா, காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதற்கு மேல் பங்கசும் அதே வேரில் சேரும். சவுக்குக்கு இரண்டு துணை, உங்கள் பாலைக்கு ஒன்றுதான், அதையும் வழித்துவிட்டார்கள். வாப்பா காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த காலத்தில் பெரிய மரத்தையும் அடிக்கட்டையையும் தோண்ட மாட்டார், இரண்டு மூன்று போகம் எடுத்துவிட்டு விட்டால் கட்டையிலிருந்து தளிர் வந்து காடு மூடிவிடும். உயிருள்ள வேர் கீழே கிடந்தது, அதில் பங்கசும் கிடந்தது. டோசர் அதைத்தான் முடித்துவிட்டது.

காட்டில் மண் அள்ளப் போகாதீர்கள் தம்பி. வனத் திணைக்களத்தின் காட்டில் அது குற்றம், யானையும் நிற்கும், அதோடு உங்கள் வேலியோரத்திலேயே அந்த மண் கிடக்கிறது.

நிலாவெளிச்சம்:
வீடியோ பற்றி ஒரு சொல். மரங்கள் பேசுகின்றன என்பதை அப்படியே நம்ப வேண்டாம். 1997இல் கனடாவில் சுசான் சிமார்ட் குழு பேர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையில் கரிமம் மாறிப் போவதைக் கதிரியக்கக் கரிமத்தாலும் மற்றொரு வகைக் கரிமத்தாலும் அடையாளமிட்டுக் காட்டினார்கள், அது நல்ல வேலை. ஆனால் தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்கிற அளவுக்குச் சான்று காட்டில் கிடைக்கவில்லை என்று 2023இல் அதே துறையைச் சேர்ந்த மூன்று பேர் எடுத்துச் சொன்னார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் உறைப் பங்கசு உள்ள குளிர்நாட்டு மரங்களில் செய்தவை, நம் வீரைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

இன்னொன்று, ஆவரசடியில் கன்று நன்றாக வந்ததற்குப் பங்கசு மட்டும் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே மேல்மண் இருக்கிறது, நிழல் இருக்கிறது, சூரை முள்ளுக்குள் மாடு வாய் வைக்காது. பாலை இயல்பிலேயே மெதுவாக வளர்கிற மரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

படுவான்கரையான்:
மாடு உண்மைதான், யோசிக்கவே இல்லை. அப்போ எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கன்றுக்கு ஒரு பிடி ரி.எஸ்.பி, அதுதான் பொசுபரசு உரம், போட்டும் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வேர்முடி:
ரி.எஸ்.பியை நிறுத்துங்கள். பொசுபரசு தாராளமாகக் கிடைக்கிற வேர் பங்கசை அவ்வளவாக உள்ளே விடாது, கூலி கொடுக்க அதற்குத் தேவை இல்லாமல் போகும்.

வேலியோரத்தில் நாலு விரல் ஆழத்தில் ஆவரசின் மெல்லிய வேரோடு சேர்த்து மண் எடுங்கள். பாதியை அவித்து ஆறவையுங்கள், பாதியைப் பச்சையாக வையுங்கள். இருபது புதுக் கன்றைப் பையோடு ஒரே இடத்தில், ஒரே நிழலில், மாடு வராத இடத்தில் வைத்து, பத்துக்கு அவித்த மண், பத்துக்குப் பச்சை மண் ஒவ்வொரு பிடி. உரம் வேண்டாம். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தால் அது மண்ணில் இருக்கும் உயிரால்தான், நிழலால் இல்லை.

தூளுக்குக் காசு கொட்ட வேண்டாம். அலமாரியில் வெயிலில் கிடந்த பையில் உயிர் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். நம் மரங்களின் பங்கசு ஆள் பார்த்துச் சேராது, பெரும்பாலான பயிர்களில் ஒட்டும். பைன் மரம் அப்படி இல்லை, புவேர்ட்டோ ரிக்கோவில் அதற்குரிய பங்கசு இல்லாமல் கன்று நின்றுபோய், 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண் கொண்டுவந்து போட்ட பிறகுதான் வளர்ந்தது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆற்றுமணலில் உங்கள் வேலியோர மண்ணைக் கலந்து சோளன் விதையுங்கள், மூன்று நாலு மாதத்தில் மேலே வெட்டிவிட்டு வேரை நறுக்கி மணலோடு கன்றின் குழிக்குள் போடுங்கள். கீரை, கோவா வகைகளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், அவற்றின் வேர் பெரும்பாலும் இதைச் சேர்க்காது. மற்றப்படி வெறும் தரையாக விடாமல் கௌபியோ சணலோ தூவி வையுங்கள், உயிருள்ள வேர் இருந்தால்தான் பங்கசு தங்கும்.

படுவான்கரையான்:
இன்று பின்னேரம் அலவாங்கால் கிளறிப் பார்த்தேன். ஆவரசடி மண்ணைக் கையில் எடுத்தால் உதிராமல் கட்டியாக வருகிறது, உள்ளே தலைமயிர் மாதிரி வேர் கோர்த்துக்கொண்டு நிற்கிறது. ஐம்பது அடி தள்ளி டோசர் போன இடத்தில் அதே ஆழத்தில் கிளறினால் விரல் இடுக்கால் மணல் வடிந்து போகிறது. அவித்த மண்ணுக்கு அம்மாவின் பழைய பானையை வாங்கிவிட்டேன். மாரி தொடங்கினதும் வைக்கிறேன்.

வேர்முடி:
நல்லது தம்பி. வைக்கும்போது இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கன்றின் நுனிவேரைக் கொஞ்சம் வெட்டி மதுசாரம் ஊற்றின போத்தலில் போட்டு வையுங்கள், ஆறு மாதம் கழித்தும் அப்படியே எடுங்கள். பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் அவித்து, வினாகிரியில் கலந்த பேனா மையால் நிறமூட்டினால் வேருக்குள் பங்கசு நீலமாகத் தெரியும். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பார்த்துப் படம் போடுகிறேன்.