மறு: ரெஸ்டொரேஷன் – 'புதுப்பித்தல்' வேண்டாம், 'நிலைமீட்பு' என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துவருகிறேன். வாகனக் கலைச்சொல் பட்டியலில், பழைய காரை அதன் பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவதைக் குறிக்கும் 'ரெஸ்டொரேஷன்' என்ற இந்த ஒரு சொல்லுக்காக இருபது மடல்கள் வந்துவிட்டன. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். 1963ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேற்கூரை இல்லாத பிரிட்டிஷ் கார்) ஒன்று என்னிடம் ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. அதில் நான்கு ஆண்டுகள் அது சக்கரம் கழற்றிய நிலையில் இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. அந்த நான்கு ஆண்டுகளும் நான் செய்த வேலையின் பெயரைத்தான் இங்கே தேடிக்கொண்டிருக்கிறோம். அதனால் மடல் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'புதுப்பித்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், வீட்டைப் புதுப்பிக்கிறோம். காருக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு?

ஐயா, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் உரிமத்தைப் புதுப்பித்தால் பழைய அட்டைக்கு மதிப்பில்லை. பழைய காரில் மதிப்பு முழுவதும் அந்தப் பழைய அட்டையில்தான் இருக்கிறது. இதை நான் சொல்லில் கற்கவில்லை, தகட்டில் கற்றேன்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடற்கூடேதான் வண்டியைத் தாங்குகிறது. மேற்கூரை இல்லாத வண்டி என்பதால் பாரத்தில் பெரும்பங்கு, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்தை ஒட்டிய இடத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரண்டு பெட்டி விட்டங்களின் மேல் விழுகிறது. ஆங்கிலத்தில் சில் என்பார்கள். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் ஒரு தடுப்புத்தகடு, அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு தகடு. எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்தால்தான் வலு. மழைநீரும் மண்ணும் உள்ளே தங்கினால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது.

என் வண்டியில் வெளித்தகடு கண்ணாடிபோல் பளபளத்தது. ஒரு சிறிய காந்தத்தை வைத்து இழுத்துக்கொண்டே போனேன். கதவின் நடுப்பகுதிக்கு வந்ததும் ஒட்டாமல் கீழே விழுந்தது. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. பட்டிக்குக் கீழே, துருவை நீக்காமல் அதன் மேலேயே பற்றவைத்த புதுத்தகடு. அதை அறுத்து விலக்கியதும் உள்ளிருந்த பழைய தகடு காய்ந்த சருகுபோல் நொறுங்கிச் செம்பொடியாகத் தரையில் குவிந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த வண்டியைப் புதிதுபோல் ஆக்கியிருந்தார். அது ஒருவரின் உயிரைக் குடித்திருக்கக்கூடிய வேலை. புதிதாகத் தோன்றச் செய்வதும் பழைய வலுவைத் திருப்பிக் கொண்டுவருவதும் எதிரெதிர் வேலைகளாக இருக்கக்கூடும் என்பதை அன்று பார்த்தேன். 'புது' என்ற வேர்ச்சொல்லை நான் அஞ்சுவதற்கு அதுதான் காரணம். கல்வெட்டுகளில் கோயிலைப் பழுதுபார்க்க விட்ட மானியத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்ற அழகான பெயர் இருப்பதை ஓர் அம்மையார் எடுத்துக்காட்டியிருந்தார். படித்து வியந்தேன். ஆனாலும் அதே வேர்தான் தடுக்கிறது.

'சீரமைப்பு' சாலைக்கும் நிர்வாகத்துக்கும் போய்விட்டது. 'பழுதுபார்த்தல்' நல்ல சொல், தினமும் வேண்டிய சொல், ஆனால் அது வண்டி ஓடினால் போதும் என்ற வேலையைக் குறிக்கிறது. 'ஜீர்ணோத்தாரணம்' பொருளில் மிக நெருங்கி வருகிறது: சிதைந்ததைத் தூக்கி நிறுத்துதல். ஆனால் கோயிலை விட்டு அது வெளியே வராது. இலங்கை நண்பர் சொன்ன 'திருத்துதல்' எனக்குப் பிடித்திருக்கிறது. வாகனத் திருத்துமிடம் என்ற பெயர்ப்பலகையை அவர் தினமும் பார்க்கிறார். ஆனால் அதுவும் பழுதுபார்த்தலின் பக்கம்தான் நிற்கிறது.

நான் முன்வைப்பது 'நிலைமீட்பு'.

மீட்பு என்றால் தீயணைப்புத் துறையின் வேலை நினைவுக்கு வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அடகு நகை. நகையை மீட்கப் போகிறவர் அதே எடையுள்ள, அதே வேலைப்பாடுள்ள வேறொரு நகையை வாங்கிக்கொண்டு திரும்ப மாட்டார். கொடுத்த அதே நகைதான் வர வேண்டும். பழைய காரில் நாம் விரும்புவதும் அதைத்தான். 'மீட்டல்' என்ற வினையில் 'அதே பொருள்' என்ற நிபந்தனை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில்கூட அது இவ்வளவு அழுத்தமாக இல்லை.

முன்னால் நிற்கும் 'நிலை' இன்னொரு வேலையைச் செய்கிறது. அது கேட்கிறவரை உடனே 'எந்த நிலை?' என்று கேட்க வைக்கிறது. அந்தக் கேள்விக்கு என் வண்டி என்னை இரண்டு ஆண்டுகள் காக்க வைத்தது.

வாங்கும்போது அது சிவப்பு. கதவின் உள்பலகையைக் கழற்றியபோது, சிவப்பின் ஓரத்தில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் வெளிர்நீலம். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொரு வண்டிக்கும் சான்றிதழ் தருகிறது. என் வண்டிக்கும் வாங்கினேன். அதைச் செய்த ஆபிங்டன் ஆலையை விட்டு வெளியேறியபோது நிறம் ஐரிஸ் நீலம், இன்ஜின் எண் 18ஜி என்ற எழுத்துகளில் தொடங்குவது. ஆனால் வண்டியில் இருந்த இன்ஜினின் எண்ணோ 18ஜிபி என்று தொடங்கியது. இரண்டும் 1798 சிசிதான். முதல் வகையில் கிராங்க் தண்டை மூன்று பேரிங்குகள் தாங்கும். 1964இன் இறுதியில் வந்த இரண்டாம் வகையில் ஐந்து. வண்டியோடு வந்த ரசீதுக் கட்டின்படி முந்தைய உரிமையாளர் ஒருவர் 1971இல் இன்ஜினை மாற்றியிருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள், எந்த நிலைக்கு மீட்பது? எட்டு ஆண்டு ஓடிய இன்ஜினைத் தேடிக் கண்டுபிடித்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை வெளியே எடுப்பதா? நான் எடுக்கவில்லை. நிறத்தை நீலத்துக்குக் கொண்டுவந்தேன், இன்ஜினை இருந்தபடியே பிரித்துத் துடைத்து மாட்டினேன். என் பதிவேட்டில் 'உடற்கூடு: 1963 நிலைமீட்பு, இன்ஜின்: 1971 நிலை' என்று எழுதினேன். இந்தச் சொல்லை ஆண்டோடு சேர்த்தே எழுதுவது என்று ஒரு வழக்கத்தையும் நாமே தொடங்கிவைக்கலாம். சொல் புதிதாக இருக்கும்போதே அதற்கு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

> எல்லா உறுப்பையும் மாற்றிவிட்டால் அது எந்தக் கார்? இதற்குச் சொல் எப்படி விடை சொல்லும்?

சொல் விடை சொல்லாது, ஆனால் நீதிமன்றம் ஒருமுறை சொல்லியிருக்கிறது. 1929, 1930 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார்ப்பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று உண்டு. 'ஓல்டு நம்பர் ஒன்' என்பார்கள். பின்னால் இன்ஜின் மாறியது, 1932இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டியவர் உயிரிழந்த பெரும் விபத்து நேர்ந்தது, அதன் பிறகும் உருமாறியது. ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசப்பட்டபோது, இது அந்தக் கார்தானா என்று வழக்கு எழுந்தது. 1929இல் ஓடிய உறுப்புகளில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. 1990இல் நீதிபதி ஆட்டன், மாற்றங்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தன, வண்டியின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, எனவே இது அந்தக் கார்தான் என்று தீர்ப்பளித்தார். அறுபடாத தொடர்ச்சி என்ற அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது. நிலைமீட்புக்கும் 'மறுகட்டுமானம்' என்பதற்கும் இடையே கோடு அங்கேதான் விழுகிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபிக்கு முழு உடற்கூட்டைப் புதிதாகச் செய்து தருகிறது. மிக நல்ல தரம், எத்தனையோ வண்டிகளைச் சாலைக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அதை வாங்கிப் பழைய உறுப்புகளைப் பொருத்துவதை நான் மறுகட்டுமானம் என்றே எழுதுவேன். அதில் இழிவு ஒன்றும் இல்லை. வேலை வேறு, அதனால் பெயரும் வேறு.

தொலைந்துபோன ஓர் உறுப்பை மட்டும் படத்தையும் அளவையும் பார்த்துச் செய்வதற்கு 'மீட்டுருவாக்கம்' இருக்கட்டும். மொழியியலார் மூலமொழிச் சொற்களை ஊகித்து அமைப்பதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஊகம் கலந்திருக்கிறது என்பதை அந்தச் சொல் மறைக்காது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அதைப் பதிப்பித்தவர்கள் கிடைத்த எட்டை எட்டாகவே தந்தார்கள், தாமே எழுதி நிரப்பவில்லை. வண்டியில் அப்படி வெற்றிடம் விட முடியாது, பிரேக் குழாய் இல்லாமல் ஓட்ட முடியாது. நிரப்பத்தான் வேண்டும். நிரப்பியது எது என்று எழுதி வைத்துவிட்டால் போதும்.

பட்டினா (பழம்பொருளின் மேல் காலம் ஏற்றும் மெருகு) என்பதற்கு இளைய நண்பர் ஒருவர் தந்த 'காலமெருகு' மிக அருமை. அப்படியே ஏற்கலாம். 'களிம்பு' மருந்துக்கடைக்குப் போய்விட்டது.

இலக்கணம் பற்றிய ஐயத்துக்கு: 'நிலைமீட்பு செய்தேன்' என்று இழுக்காமல் 'காரை நிலைமீட்டேன்', 'நிலைமீட்கிறேன்', 'நிலைமீட்ட வண்டி' என்றே எழுதிப் பாருங்கள். நாவில் தடங்கல் இல்லை. செய்பவர் நிலைமீட்பர்.

சில் என்பதற்கு வந்த 'வாசற்படி'யை மட்டும் ஏற்க முடியவில்லை. அது மிதித்து ஏறும் படியல்ல. கதவின் திறப்பை இரும்புக் குழாயால் குறுக்கே கட்டாமல் சில்லை அறுத்தால் உடற்கூடு நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது. ஒவ்வொரு தகட்டைப் பற்றவைப்பதற்கு முன்னும் நான் கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துக் கழற்றினேன். அதைத் தூக்கித் தூக்கித் தோள் கன்றிப்போனது. 'அடிவிட்டம்' என்றால் வேலையறிந்தவருக்கு அதன் பாரம் புரியும்.

கடைசியாக ஓர் உதவி. டிக்கி மூடியின் உட்புறத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பையும் அதன் ஓரத்தில் தெரியும் வெள்ளையையும் சுரண்டாமல் விட்டுவைத்திருக்கிறேன். நாளை இதை வாங்குகிறவர் வண்டி எந்தெந்த நிறங்களில் வாழ்ந்தது என்று கண்ணால் காண வேண்டும். இப்படி வேண்டுமென்றே விட்டுவைக்கும் பகுதிக்கு ஒரு சொல் தேவை. எனக்குத் தோன்றியது 'சான்றுத்திட்டு'. இதைவிட நல்லது யாருக்காவது அகப்பட்டால் எழுதுங்கள், பட்டியலை முடிக்குமுன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
எம்ஜிபிக்காரன்