வேலூர்க் கோட்டை மதிலும் ஒரு ஆர்த்தோ ரோலும்

பெட்டி கேமரா என்றாலே படம் மங்கலாகத்தான் வரும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

தாத்தாவின் கேமராவில் எல்லா நிறமும் பதியும் சாதாரண பான்குரோமாட்டிக் ஃபிலிம் போட்டு, முக்காலியில் நிறுத்தி, கோட்டை அகழிக் கரையிலிருந்து எடுத்தேன். சித்திரை மாத உச்சி வெயில்; வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். கழுவிய நெகட்டிவை லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மதில் கற்களின் இடுக்குகளில் ஒரு கோடுகூடத் தெளிவாக இல்லை. விளிம்பெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது.

லாங் பஜார் பக்கம் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவரிடம் காட்டினேன். "இது ஒத்தக் கண்ணாடி லென்ஸ் தம்பி. நீலத்தக் கிட்டக் குவிக்கும், செவப்பத் தள்ளிக் குவிக்கும். உன் ஃபிலிம் எல்லா நிறத்தையும் வாங்கிக்குது. தெளிவான படத்து மேல மங்கலான படமும் சேந்து விழுது" என்றார். ஃபிலிமின் நிற உணர்வு கறுப்பு வெளுப்பை மட்டும்தான் மாற்றும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புக்கு இயல்பாகத் தெரிவது நீலமும் புற ஊதாவும்தான். 1873-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்ததுதான் சிவப்பு தெரியாத ஆர்த்தோ ஃபிலிம். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் ஒரு ரோல் வாங்கி, அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்தேன். சிவப்பின் மங்கல் படம் விழாததால் கற்கள் கொஞ்சம் தேறின. ஆனால் கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் மலையைக் காணோம்! தூரத்து மூட்டத்தில் அதிகம் சிதறுவது நீல ஒளி. ஆர்த்தோவோ நீலத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். (கூட வந்த அக்காவின் குங்குமமும் உதடும் கரிபோலப் பதிந்திருந்தன. ஆள் படத்துக்கு யோசித்துப் போடுங்கள்.)

"அப்ப நீலத்தையும் வெட்டிடு" என்று டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் ஃபில்டரை எடுத்துக் கொடுத்தார் பெரியவர். டேப் போட்டு லென்ஸ் மேல் ஒட்டினேன். பெட்டி கேமராவில் ஷட்டரைக் கூட்டிக் குறைக்க முடியாது. நல்லவேளையாக 80 ஐஎஸ்ஓ (ஒளி உணர்வின் அளவு) ஃபிலிமுக்கு அந்த வெயிலில் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஃபில்டர் தின்றதுபோகப் போதுமானது கிடைத்தது. நீலம் ஃபில்டரில் நின்றுவிட்டது, சிவப்பு ஃபிலிமுக்குத் தெரியாது. மிஞ்சியது பச்சை மட்டும்.

ஆர்த்தோவைச் சிவப்பு விளக்கிலேயே கழுவலாம் என்பதால் தட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெகட்டிவ் என்பதால் முதலில் வானம் கறுத்தது. அப்புறம் அதன் கீழே மலையின் விளிம்பு மெல்லப் பிரிந்தது. பிறகு கற்கள் ஒவ்வொன்றாக. இடுக்குகள் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவாக நின்றன.