கரோக்கி டிராக்கும் ஒரிஜினலும் ஒத்துப்போகாதபோது

கீபோர்டில் வைத்துப் பார்த்தால் டிராக் 2 கட்டையிலும் (கட்டை என்பது சுருதியின் அளவு) நிற்காது, 2½-யிலும் நிற்காது, நடுவில் எங்கோ தொங்கும். அப்படியென்றால் பெரும்பாலும் யாரும் ஸ்கேல் மாற்றவில்லை, ஓடுகிற வேகம்தான் மாறியிருக்கிறது. டெம்போவும் சுருதியும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். பிஏஎல் (விநாடிக்கு 25 பிரேம் ஓடும் டிவி முறை) டிவிடியிலிருந்து எடுத்த ஆடியோவில் இது வரும். விநாடிக்கு 24 பிரேம் உள்ள படத்தை 25 பிரேமில் ஓட்டுவதால் வேகம் 4.17% கூடி, சுருதி 71 சென்ட் ஏறிவிடும். சென்ட் என்பது சுருதியை அளக்கும் சிறு அலகு, அரைக்கட்டைக்கே 100 சென்ட்தான். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பதிந்த பைலை 48 என்று நினைத்து ஓட்டினால் இன்னும் மோசம்: 147 சென்ட்.

உறுதிசெய்யப் பைலின் மொத்த நீளத்தைப் பார்க்காதீர்கள், முன்னும் பின்னும் அமைதி ஒட்டியிருக்கும். பல்லவியின் முதல் அடியிலிருந்து கடைசிச் சரணம் எடுக்கும் இடம் வரை இரண்டிலும் அளந்து பாருங்கள். ஒரிஜினலில் 240 விநாடி, டிராக்கில் 230.4 என்றால் அதே பிஏஎல் கோளாறு. ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டரில் 'சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்' போய் −4 கொடுங்கள். பலர் −4.17 கொடுத்துவிட்டு, இன்னும் சேரவில்லையே என்று தேடுகிறார்கள். 25-ஐ 24 ஆக்க 4% குறைத்தால் போதும். இங்கே 'சேஞ்ச் பிட்ச்' உதவாது. சுருதி சேரும், வேகம் அப்படியே நிற்கும்.

இதோடு கட்டைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்பில் ஒவ்வொரு எண்ணும் ஓர் அரைக்கட்டை. 2 கட்டை டிராக்கை 4 கட்டைக்கு ஏற்ற +4 போடுகிறார்கள். சரியானது +3. 3-க்கும் 4-க்கும் நடுவில் அரைக்கட்டை கிடையாது, அது ஈ-யும் எப்-பும் ஒட்டியிருக்கும் இடம். +4 போட்டால் 4½-க்குப் போய், மேல் ஸ்தாயியில் தொண்டை அடைக்கும். மூன்றுக்கு மேல் நகர்த்தினால் தபேலாவின் கும்கி (இடது கை வளைத்து எழுப்பும் கனத்த ஒலி) தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும். அதற்குப் புதிதாக வாசித்த டிராக் வாங்குவதே மேல். நகர்த்தினாலும் மூலப் பைலிலிருந்து ஒரே தடவை செய்யுங்கள். எம்பி3-யை மாற்றி, சேமித்து, மறுபடி மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஒலி தேயும்.

சுருதி சரியாக இருந்து டெம்போ மட்டும் விலகுவது வேறு வகை. கிளிக் (காதில் ஓடும் தாளச் சத்தம்) இல்லாமல், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த பழைய பாடல்களில் சரணத்தில் காலம் லேசாக ஏறும். புரோகிராம் செய்த டிராக் 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி) என்றால் கடைசிவரை 96-தான். ஒரிஜினல் சரணத்தில் 98-க்குப் போயிருந்தால் 32 அடியில் 0.4 விநாடி விலகிவிடும். அது முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரிஜினலைக் கேட்டே பழகியவர் முந்தி எடுப்பது இதனால்தான், தாளஞானக் குறைவால் அல்ல. முழு டிராக்கையும் இழுக்காமல், சரணத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'சேஞ்ச் டெம்போ'வில் 2.1% கூட்டுங்கள். வெட்டும் இடம் இடையிசையின் கடைசித் தாளத்தில் விழட்டும், ஸ்வரம் நீண்டு ஒலிக்கும் இடத்தில் வேண்டாம்.

புளூடூத் ஸ்பீக்கரில் தாமதம் இருந்தாலும் டெம்போ தப்பு போலவே தோன்றும். முதல் வரியிலும் கடைசி வரியிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால் அது தாமதம். வயர் போட்டுக் கேட்டுப் பாருங்கள், டிராக்கைத் தொடவே வேண்டியிருக்காது.