செப்பாங்கைச் சுருக்கி நம்ம தோட்டத் திடலில் போட்டால் என்ன?

செம்பனைக்காரன்: சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத் திடல் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிறு காலையில் ரிமோட் கார் விடலாம் என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது. செப்பாங் கார் பந்தயப் பாதை 5.543 கிலோமீட்டர். பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் 554 மீட்டர். 15 வளைவுகளையும் அப்படியே இறக்கிவிடலாம். 1999இல் திறப்பதற்கு முன்னால் அதுவும் செம்பனைக் காடுதானே!

ரிமோட்ராஜா: கணக்கு சரி அண்ணே, கண்ணுக்கு என்ன செய்வது? செப்பாங்கில் ஓட்டுபவர் காருக்குள் இருக்கிறார், அடுத்த வளைவு தெரிந்தால் போதும். நாம் ரிமோட்டோடு மேடையில் ஒரே இடத்தில் நிற்கிறோம். 900 மீட்டருக்கு மேல் உள்ள அந்த நேர்ப்பாதை சுருங்கினாலும் 90 மீட்டர். அந்தக் கோடியில் ஒரு முழம்கூட வராத கார் நம்மைப் பார்த்து வருகிறதா, போகிறதா என்றே புரியாது. நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் இடம் வலம் வேறு மாறிவிடும்.

செம்பனைக்காரன்: நேர்ப்பாதையை வெட்டினால் அது செப்பாங்கே இல்லை தம்பி. இரண்டு நீள நேர்ப்பாதை, நடுவில் கடைசி ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு), அப்புறம் முதல் வளைவில் பிரேக். முந்துவதே அங்கேதான்.

ரிமோட்ராஜா: அகலத்தையும் பாருங்கள். செப்பாங் பாதை 16 மீட்டர் என்றால் நமக்கு 1.6 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற குட்டிக் கார்கள் இரண்டு அதில் ஒட்டிக்கொண்டு போகுமா? மூன்று நான்கு மீட்டராவது வேண்டும். நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டணும். அதோடு திடல் புல்தரை. தார்ச் சாலைக்கான ரிமோட் கார் அதில் நகராது. புல்லைச் சுரண்டி, மண் மேடு போட்டு, மண்ணில் ஓடும் பக்கி கார் விடலாம்.

லயத்து அக்கா: யார் வரலாம் என்று ஒருவரும் பேசவில்லையே? செப்பாங்கில் சொந்தக் கார் ஓட்டக் கட்டணம், ஹெல்மெட், இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். நம்ம பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடுவார்கள். ஆனால் கவிழ்ந்த காரை நிமிர்த்த யாராவது பாதைக்குள் ஓடணும். ஓட்டி முடித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு வளைவில் நிற்கணும். அதைச் செய்யாமல் தே தாரிக் குடிக்கப் போகிறவர்களுக்கு இடமில்லை என்று முதலிலேயே எழுதிப் போடுங்கள். சத்தம் போடும் நைட்ரோ எரிபொருள் கார்களும் வேண்டாம், பக்கத்தில் கோயில்.

செம்பனைக்காரன்: பேட்டரி மட்டும், சரிக்கா. பக்கியும் இருக்கட்டும். ஹேர்பினை மட்டும் விடமாட்டேன்.

ரிமோட்ராஜா: போடுங்கள் அண்ணே, ஆனால் மேடைக்கு நேர் முன்னால். கோடியில் போட்டால் நான் வரமாட்டேன்.