கசானில் இருபது வயதில்தான் அலிஃப் பே படிக்கிறார்கள், ஏன்?

கீழக்கரைப் பொண்ணு: அஸ்ஸலாமு அலைக்கும். ருஷ்யாவின் கசான் நகரில் மருத்துவம் படிக்கிறேன். கூடப் படிக்கும் தோழி, இங்கே பெரும்பாலும் முஸ்லிம்களான தாத்தார் இனத்தவள், ஞாயிறுதோறும் பள்ளிவாசல் வகுப்புக்குப் போய் அலிஃப் பே என்ற அரபு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறாள். நாமெல்லாம் அஞ்சு வயசிலேயே ஓதப் போனோம். இவள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லையா?

சலீம்: சோவியத் காலத்தில் மதக்கல்வியே தடை. கசான் நகரத்துக்கே மர்ஜானி பள்ளிவாசல் ஒன்றுதான் திறந்திருந்தது. வீட்டில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நூர் ராத்தா: தம்பி, தெரிந்தவர்கள் இருந்தார்கள். படித்து முடித்து இங்கேயே தங்கிவிட்டவள் நான். 1803-இலேயே குர்ஆன் அச்சிட்ட ஊர் இது. பாரூதி என்ற தாத்தார் ஆலிம் 1882-இல் தொடங்கிய முஹம்மதியா மதரசாவை 1918-இல் மூடினார்கள்; 1993-இல்தான் மறுபடி திறந்தது. அதைவிடப் பெரிய அடி எழுத்துக்கு விழுந்தது. அதுவரை அரபு எழுத்தில் எழுதிய தாத்தார் மொழியை 1927-இல் லத்தீனுக்கும், 1939-இல் ருஷ்ய எழுத்துக்கும் மாற்றினார்கள். பூட்டியின் கிதாபைப் பேத்தியால் வாசிக்க முடியாமல் போனது.

ஆனாலும் அபிஸ்தாய்கள் இருந்தார்களே! ஓதத் தெரிந்த பெரிய பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பாட்டி வீட்டில் பார்த்தேன்: கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் முழுக்க ருஷ்ய எழுத்தில், நீல மையில். ஐன் போன்ற அரபு ஒலிகளுக்கு அதில் எழுத்தே இல்லை. பாட்டி உச்சரிப்பது நம் காதுக்கு வேறு மாதிரி இருக்கும். இப்போது பேத்தி வகுப்பில் தஜ்வீத், அதாவது குர்ஆனைச் சரியாக உச்சரித்து ஓதும் முறை, படித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் திருத்துகிறாள். அந்த நோட்டு இல்லையென்றால் பேத்தி வகுப்புக்கே போயிருக்க மாட்டாள் என்பது என் உறுதியான எண்ணம்.

உன் தோழிக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கும்மா. நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு ருஷ்யன்தான் ஓடும். 2016-இலிருந்து இங்கே ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு) தாத்தார் மொழியில். அரபு எழுத்தோடு சொந்த மொழியையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கீழக்கரைப் பொண்ணு: இதெல்லாம் எனக்குத் தெரியாது ராத்தா. நானும் அவளோடு போய் உட்காரலாமா?

நூர் ராத்தா: தாராளமாகப் போ. பெண்களுக்குத் தனி வகுப்பு இருக்கும், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். இவர்கள் ஹனஃபி மத்ஹபு (சட்டப் பிரிவு), தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போது கை உயர்த்த மாட்டார்கள். நீ ஷாஃபி என்றால் உன் முறைப்படி தொழு, கேட்டால் சொல்லு. அவளைத் திருத்த மட்டும் போகாதே.