பழைய டேபிள் சா: மரம் பாதியில் பிளேடை இறுக்கிப் பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

பகோவிலிருந்து கேட்பவர்:
வணக்கம். போன வாரம் யாங்கோனில் ஒருவரிடம் 10 அங்குல டேபிள் சா (மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது. பிளேடுக்கு மேலே மூடி இல்லை, பின்னால் இருக்க வேண்டிய தகடும் இல்லை. "அதெல்லாம் இடைஞ்சல், கழற்றிப் போட்டாச்சு" என்றார் விற்றவர். தாத்தா வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குச் சட்டங்களைக் கிழித்து, மகளுக்குப் படிக்கிற மேசை செய்ய ஆசை. நேற்று ஒரு சட்டத்தை விட்டேன். பாதியில் மரம் பிளேடை இறுக்கியது, கருகல் வாடை வந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். தப்பு எங்கே?

மோல்மீன் ஆசாரி:
நிறுத்தினீர்களே தம்பி, அதுதான் சரி. அந்தத் தகடு இல்லாமல் இனி ஒரு சட்டம்கூடக் கிழிக்காதீர்கள்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசைமேல் அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலே ஏறி வரும். கிழிபட்ட மரம் பின்னால் சேர்ந்துகொண்டால் அந்தப் பற்கள் அதைக் கவ்வித் தூக்கி நம் பக்கம் எறியும். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் 10 அங்குல பிளேடின் பல் மணிக்குக் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. என் இருபத்திரண்டாம் வயதில் படாக் என்ற கெட்டி மரத்தின் ரீப்பர் ஒன்று இப்படித்தான் என் வயிற்றில் வந்து அடித்தது. மூன்று வாரம் நிமிர்ந்து நடக்கவில்லை. அந்தப் பட்டறையிலும் தகட்டைக் கழற்றித்தான் வைத்திருந்தார்கள்.

கிழிபட்ட மரம் சேராமல் தடுப்பது அந்தத் தகடுதான். அது பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், மரத்தில் விழும் வெட்டின் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வெட்டு 3 மில்லி, பிளேடு உடம்பு 2.2 மில்லி என்றால் தகடு 2.5 மில்லி. உங்கள் மாடலுக்கே உரியது கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யலாம். பிளேடுக்கு நேர் பின்னால், பற்களிலிருந்து 3 முதல் 8 மில்லி தள்ளி, ஆடாமல் நிற்க வேண்டும்.

அப்புறம் அளவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போடுங்கள். மேசையில் நீளமாக ஓடும் காடியிலிருந்து அந்தப் பல்லுக்கு முன்னால் எவ்வளவு, பிளேடைக் கையால் சுற்றி அதே பல் பின்னால் வரும்போது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஃபென்ஸையும் (மரத்தை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டம்) அதே காடிக்கு இணையாக வையுங்கள். பின்பக்கம் ஒரு காகிதத் தடிமன் விலகியிருந்தால் பரவாயில்லை, உள்ளே சாயவே கூடாது.

வீட்டைப் பிரித்த மரம் என்கிறீர்கள். காந்தத்தை ஓட்டி ஆணி தேடாமல் பிளேடு பக்கம் கொண்டுபோக வேண்டாம். தேக்குக்குள் மணல்போல சிலிக்கா உண்டு, சாதாரண இரும்புப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். கிழிக்க 24 கார்பைடு பல் பிளேடு போடுங்கள். மரத்துக்கு மேல் ஒன்றிரண்டு நூல் (3 முதல் 6 மில்லி) பல் தெரிந்தால் போதும். கையுறை வேண்டாம், இழுத்துக்கொண்டு போகும். ஃபென்ஸ் வலப்பக்கம் என்றால் நீங்கள் பிளேடுக்கு இடப்பக்கம் விலகி நில்லுங்கள். கடைசி ஒரு சாண் நீளத்தைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.

யாங்கோன் எலக்ட்ரீசியன்:
ஐயா சொன்னதோடு ஒன்று. உங்கள் மெஷினில் இருப்பது மேலும் கீழும் தட்டுகிற சாதாரண சுவிட்சா? அப்படியானால் கரண்ட் போய்த் திரும்பும்போது பிளேடு தானாகவே சுற்றும். நம் ஊர் கரண்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எனக்குத் தெரிந்த பட்டறையில் கரண்ட் போன நேரத்தில் ஒரு பையன் சிக்கிய துண்டைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தான், அந்த நொடி கரண்ட் வந்தது. இரண்டு விரல் போனது. பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள மேக்னெடிக் சுவிட்ச் போடுங்கள். கரண்ட் நின்றதும் அதற்குள் இருக்கும் காந்தச் சுருள் பிடியை விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். உங்கள் மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்றதாக வாங்குங்கள். எர்த் ஒயரையும் பாருங்கள்.

பகோவிலிருந்து கேட்பவர்:
சாதாரண சுவிட்சுதான் அண்ணே, நாளைக்கே மாற்றுகிறேன். ஐயா, அளந்தேன். பிளேடு இரண்டு பக்கமும் சரி. ஃபென்ஸ்தான் பின்னால் ஒரு மில்லிக்கு மேல் பிளேடு பக்கம் சாய்ந்திருக்கிறது.

மோல்மீன் ஆசாரி:
உங்கள் மரத்தைப் பிடித்தது அந்த ஒரு மில்லிதான். ஃபென்ஸ் தலைப்பில் இரண்டு போல்ட் இருக்கும். லேசாகத் தளர்த்தி, ஃபென்ஸைக் காடியோடு ஒட்டி நிறுத்தி, முடுக்கி, பூட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பூட்டும்போது சிலது நகர்ந்துவிடும். தகடு வந்து சேரட்டும். முதலில் ஒரு மலிவுப் பலகையைக் கிழித்துப் பாருங்கள், தாத்தா வீட்டு மரம் அதற்கப்புறம்.